தாளில் தெரியாத கணக்கு

அரசு நடத்தும் அடைவுத் தேர்வுகளில் கணக்கு என்றாலே தாளும் பென்சிலும்தான். கேள்வியைக் காதால் கேட்டு, மனதிலேயே போட்டு, விடையை மட்டும் சொல்லும் மனக்கணக்குக்கு அவற்றில் தனி இடம் கிடையாது. பிள்ளைகளின் கணக்கறிவில் ஒரு பெரும்பகுதி இதனால் அளக்கப்படாமலே போகிறது. அளக்காத எதற்கும் வகுப்பறையில் நேரம் ஒதுக்கப்படுவதும் அரிது. இந்தத் தேர்வுகளில் மனக்கணக்குப் பகுதி ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். ஆனால், எந்த வடிவில் சேர்ப்பது என்பதில் தவறினால் நன்மையைவிடக் கேடே மிஞ்சும்.

என்.சி.இ.ஆர்.டி.யின் கீழ் இயங்கும் ‘பரக்’ மையம் 2024 டிசம்பர் 4 அன்று நாடு முழுவதும் 3, 6, 9-ஆம் வகுப்புகளில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2025 ஜூலையில் வெளியாயின. 99 வரையிலான எண்களை ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் அடுக்கத் தெரிந்த 3-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 55 சதவீதம். பத்தாம் வாய்பாடு வரை அறிந்து, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலை அன்றாடக் கணக்குகளில் பயன்படுத்தத் தெரிந்த 6-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 53 சதவீதம்.

கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று எடுக்கப்படும் ‘ஏசர்’ ஆய்வின் 2024-ஆம் ஆண்டு அறிக்கையும் இதே திசையில்தான் இருக்கிறது. 5-ஆம் வகுப்பில் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 30.7 சதவீதம் மட்டுமே.

பிள்ளைகளுக்குக் கணக்கு வரவில்லை என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. எந்த இடத்தில் தட்டுகிறது என்பதைச் சொல்லவில்லை.

500-இலிருந்து 198-ஐக் கழிக்கும் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால், ஒன்றாம் இடத்தில் 0-விலிருந்து 8 போகாது. பக்கத்தில் கடன் வாங்கப் போனால் பத்தாம் இடத்திலும் 0. நூறாம் இடம் வரை போய் வாங்கிவர வேண்டும். பாடப்புத்தகம் இதை இனமாற்றம் என்கிறது. இங்கே திணறும் பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்துவிடும். எட்டு, ஒன்பது, நான்கு என்று எழுதி 498 என்று முடித்துவிடும். ஏறக்குறைய இருநூறை எடுத்த பிறகும் ஐந்நூறு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறதே என்ற சந்தேகம் அதற்கு எழுவதில்லை.

இதையே மனதில் போடப் பழகிய பிள்ளை 198-ஐ 200 ஆக்கிக்கொள்ளும். ஐந்நூறில் இருநூறு போக முந்நூறு. கூடுதலாக எடுத்த இரண்டைத் திருப்பிப் போட்டால் 302. முதல் பிள்ளை இலக்கங்களை நகர்த்துகிறது. இரண்டாவது பிள்ளை எண்ணின் அளவை உணர்ந்து வேலை செய்கிறது. கணக்கில் பின்னால் வரும் பின்னம், தசமம், விகிதம், இயற்கணிதம் எல்லாவற்றுக்கும் இந்த அளவுணர்வு வேண்டும்.

நான்கு விடைகளில் ஒன்றைக் கருமையாக்கும் ஓ.எம்.ஆர். தாளில் இந்த வேறுபாடு புலப்படாது. முறைப்படி கடன் வாங்கிப் போட்ட பிள்ளைக்கும், 200 ஆக்கிப் போட்ட பிள்ளைக்கும், கண்ணை மூடிக்கொண்டு ஒரு வட்டத்தில் கைவைத்த பிள்ளைக்கும் கிடைப்பது அதே ஒரு மதிப்பெண்.

சந்தையில் வரும், பள்ளியில் வராது

தாள் எதைக் காட்டத் தவறுகிறது என்பதற்கு மிக வலுவான சான்று இந்தியாவிலிருந்தே கிடைத்திருக்கிறது. பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, உளவியலாளர் எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது.

ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்களாகப் போய்ப் பொருள் வாங்கினார்கள். கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கில் 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயத்தில் 1 கிலோ 400 கிராம் என்று வழக்கத்துக்கு மாறான எடைகளாகவே கேட்டார்கள். உருளைக்கு 16, வெங்காயத்துக்கு 21, ஆக 37 ரூபாய். 200 ரூபாய்த் தாளை நீட்டினால் மீதி 163. பெரும்பாலான பிள்ளைகள் தாளோ பேனாவோ இல்லாமல் சரியாகச் சொல்லிச் சரியாகச் சில்லறையும் கொடுத்தார்கள். அதே பிள்ளைகளிடம் அதே அளவு கடினமான, சில சமயம் அதைவிட எளிதான கணக்கைப் பள்ளிக்கூட வடிவில் எழுதிக் கொடுத்தபோது அவர்களால் போட முடியவில்லை.

அந்தச் சந்தைகளுக்கு அருகிலுள்ள பள்ளிகளில் படிக்கும், வியாபாரப் பழக்கம் இல்லாத 471 பிள்ளைகளிடம் நிலைமை தலைகீழாக இருந்தது. எளிய எழுத்துக் கணக்குகளில் இவர்களே முன்னால் நின்றார்கள். ஆனால், வேலை செய்யும் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் போட்ட ஒரு சந்தைக் கணக்கை இவர்களில் 1 சதவீதம் பேரே சரியாகப் போட்டார்கள். பலர் தாளில் நீளமாக எழுதி எழுதியே நேரத்தைச் செலவழித்தார்கள்.

பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருவியாபாரச் சிறுவர்களிடம் 40 ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பார்த்திருக்கிறார்கள். தெரெசின்யா நூனெஸ், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் 1985-இல் வெளியிட்ட அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்கள் ஐந்தே பிள்ளைகள். சிறிய ஆய்வுதான். ஆனால், ஒவ்வொரு பிள்ளையும் எப்படி யோசித்தது என்பதை வரிவரியாகப் பதிவு செய்திருப்பதால் இன்றும் பேசப்படுகிறது.

35 க்ரூசேரோ விலையுள்ள தேங்காய் நான்கு எவ்வளவு என்று ஒரு சிறுவனைக் கேட்டார்கள். மூன்று தேங்காய் 105 என்பது அவனுக்கு வாடிக்கையாகத் தெரியும். அதோடு 30 சேர்த்து 135, விட்டுப்போன 5 சேர்த்து 140 என்றான். பிறகு 35 பெருக்கல் 4 என்று தாளில் கொடுத்தார்கள். நாலைந்து இருபது, மீதி 2 மேலே. அந்த இரண்டை முதலிலேயே 3-உடன் கூட்டி 5 ஆக்கி, அதை நான்கால் பெருக்கி 200 என்று எழுதினான். தெருவில் அந்தப் பிள்ளைகளின் விடைகளில் 98 சதவீதம் சரி. தாளில் 37 சதவீதம்.

தாளை மட்டும் திருத்துகிற கல்வி முறை அந்தச் சிறுவனைக் கணக்கு வராதவன் என்று எழுதிவைத்துவிடும். இது சாதாரண விஷயமில்லை. கடைக்குப் போய்வருகிற, பெற்றோரின் தள்ளுவண்டியில் நிற்கிற, ஆட்டுக்கும் கோழிக்கும் விலை பேசுவதைக் கேட்டு வளர்கிற பிள்ளைகள் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிற அறிவு தேர்வில் பூஜ்யமாகப் பதிவாகிறது. பள்ளி அந்த அறிவிலிருந்து தொடங்கியிருந்தால் எழுத்துக் கணக்கும் அவர்களுக்கு வசப்பட்டிருக்கும்.

இங்கிலாந்து கற்றது

மனக்கணக்கைத் தேசியத் தேர்வுக்குள் கொண்டுவந்து, பிறகு எடுத்து, வேறு உருவில் மீண்டும் கொண்டுவந்த நாடு இங்கிலாந்து. 1998 முதல் அங்கே தொடக்கக் கல்வியை முடிக்கும் 11 வயதுப் பிள்ளைகளின் கணக்குத் தேர்வில், 100 மதிப்பெண்ணில் 20 மனக்கணக்குக்கு ஒதுக்கப்பட்டது. ஒலிப்பதிவில் ஒரு குரல் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை வாசிக்கும். தொடக்கக் கேள்விகளுக்கு 5 விநாடி, நடுவில் உள்ளவற்றுக்கு 10, கடைசிக் கேள்விகளுக்கு 15 விநாடி அவகாசம். பிள்ளைகள் விடையை மட்டும் எழுதுவார்கள்.

தேர்வு தனியாக வரவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. 1999 செப்டம்பரில் தொடங்கிய தேசிய எண்ணறிவுத் திட்டம், தொடக்கப் பள்ளிகளில் நாள்தோறும் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை கணக்குப் பாடம் என்று வகுத்தது. அதில் முதல் 5 முதல் 10 நிமிடங்கள் வாய்வழிக் கணக்குக்கும் மனக்கணக்குக்கும் உரியவை. விடையைச் சொன்ன பிள்ளை, எப்படிப் போட்டேன் என்றும் சொல்ல வேண்டும். ஒரே கணக்குக்கு நான்கு பேர் நான்கு வழி சொல்லும்போது வகுப்பே கற்றுக்கொள்கிறது.

அந்த மனக்கணக்குத் தேர்வு கடைசியாக 2015-இல் நடந்தது. 2016 முதல் அதன் இடத்தில் 30 நிமிட எழுத்துக் கணக்குத் தாள் வந்தது. 2022 முதல் 4-ஆம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு, அதாவது 8, 9 வயதினருக்கு, பெருக்கல் வாய்பாட்டுச் சோதனை கட்டாயமானது. கணினித் திரையில் 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி, பன்னிரண்டாம் வாய்பாடு வரை. சராசரி மதிப்பெண் 2022-இல் 19.8, 2025-இல் 21. முழு மதிப்பெண் எடுத்தவர்கள் இதே காலத்தில் 27 சதவீதத்திலிருந்து 37 சதவீதமாக உயர்ந்தார்கள்.

வாய்பாடு தெரிந்திருப்பது தேவைதான். ஏழெட்டு எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் விரல்விட்டு எண்ணுகிற பிள்ளைக்குப் பெரிய கணக்கில் யோசிக்க மனதில் இடம் மிஞ்சாது. ஆனால், 6 விநாடிச் சோதனை அளப்பது நினைவில் இருக்கிறதா என்பதை மட்டுமே. ஏழெட்டு ஐம்பத்தாறு தெரிந்த பிள்ளைக்கு, அதைக் கொண்டு ஏழு பதினாறு 112 என்று இரட்டிக்கத் தெரியுமா, 560-ஐ எட்டால் வகுக்கத் தெரியுமா என்பதை அது கேட்பதில்லை. தேர்வு எதைக் கேட்கிறதோ அதற்கே பள்ளிகள் பிள்ளைகளைத் தயார் செய்யும். ஒப்பித்தலைக் கேட்டால் ஒப்பித்தல்தான் வளரும்.

ஒரு விஷயத்தில் இங்கிலாந்தின் முடிவு சரியானது. இந்தச் சோதனையில் தேர்ச்சி மதிப்பெண் என்று ஒன்று கிடையாது. பள்ளிவாரியான முடிவுகள் பொதுவில் வெளியிடப்படுவதும் இல்லை.

கடிகாரத்தின் பயம்

மனக்கணக்குத் தேர்வுக்கு எதிரான வலுவான வாதம் பயம் பற்றியது. மனதில் கணக்குப் போடும்போது, கிடைத்த இடைவிடையைச் சிறிது நேரம் நினைவில் பிடித்துவைக்க வேண்டும். அந்த இடம் எல்லாருக்கும் குறுகியது. மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு, கணக்குப் பயம் அந்தக் குறுகிய இடத்தைத்தான் ஆக்கிரமிக்கிறது என்று காட்டியது. தெரியாததால் தவறுவது வேறு. தெரிந்தும் பதற்றத்தில் தவறுவது வேறு. கடிகாரம் ஓடும் தேர்வு இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோ போலர் நேரக் கெடு வைத்த கணக்குச் சோதனைகளைத் தொடர்ந்து எதிர்ப்பதும் இதனால்தான்.

இந்த வாதத்தை ஒதுக்க முடியாது. ஆனால், அது கடிகாரத்துக்கு எதிரான வாதம். மனக்கணக்குக்கு எதிரானது என்று கொள்ள வேண்டியதில்லை. யோசிக்க நேரம் கொடுத்தும் மனக்கணக்குக் கேட்கலாம். 5 விநாடியில் 302 சொன்ன பிள்ளையைவிட 15 விநாடியில் சொன்ன பிள்ளை கணக்கில் குறைந்தது என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. வேகத்தைக் கேட்கத் தொடங்கினால் அபாகஸ் வகுப்புகளுக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளே முன்னால் போவார்கள்.

தமிழ் மண்ணுக்கு மனக்கணக்கு புதிதில்லை. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடமாக இருந்தது. முழு எண்களோடு நிற்காமல் கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று இறங்கி முந்திரி வரை, அதாவது 320-இல் ஒரு பங்கு வரை, பின்னங்களை வாயாலேயே கையாளப் பிள்ளைகள் பழகினார்கள். நெல்லும் பொன்னும் நிலமும் அளக்கும் ஊருக்கு அந்தக் கணக்கு வேண்டியிருந்தது. வரலாற்றாசிரியர் டி. செந்தில் பாபு தென்னிந்தியக் கணக்கு மரபு பற்றி 2022-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இந்தப் பயிற்சியை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அதை அப்படியே மீட்கச் சொல்வது பிழை. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் அந்தத் திண்ணை பெரும்பாலும் மூடியே இருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கோ பிரம்படி. எடுத்துக்கொள்ள வேண்டியது, ஊரில் புழங்கும் கணக்கையே பள்ளி கேட்டது என்பதை மட்டும்.

கைபேசி இருக்கும்போது எதற்கு?

கைபேசியில் கால்குலேட்டர் இருக்கிறதே என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. கால்குலேட்டர் தட்டியதற்கு விடை தரும். தட்டியது சரியா என்று சொல்லாது. பணப் பரிமாற்றச் செயலியில் ஒரு பூஜ்யம் கூடிவிட்டால், பொத்தானை அழுத்தும் முன்பு தொகை பொருந்தவில்லையே என்று மனம் நிறுத்த வேண்டும். நூற்றுக்கு இரண்டு வட்டி என்று ஊரில் சொல்வது மாதத்துக்கு. ஆண்டுக்கு அது 24 சதவீதம். பத்து வட்டிக்குப் பத்தாயிரம் வாங்கியவர் பத்தே மாதத்தில் அசலுக்குச் சமமான வட்டியைக் கட்டியிருப்பார், அசல் அப்படியே நிற்கும். கடன் பேசும் இடத்தில் யாரும் கால்குலேட்டரை எடுத்துத் தருவதில்லை.

பள்ளி வயதைத் தாண்டும் பிள்ளைகளின் நிலையும் கவலை தருகிறது. 14 முதல் 18 வயது வரையிலான கிராமப்புற இளைஞர்களிடம் 2017-இல் எடுத்த ‘ஏசர்’ ஆய்வில், எடைகளைக் கூட்டி கிலோவில் சரியாகச் சொன்னவர்கள் 56 சதவீதமே.

எப்படிச் சேர்ப்பது?

தமிழ்நாடு இதைத் தொடங்கிவைக்கலாம். பெருந்தொற்றுக்காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2022-இல் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பின்னர் 5-ஆம் வகுப்பு வரை விரிந்தது. பாட்டும் செயல்பாடுமாகக் கற்பிக்கும் அந்த வகுப்புகளில் வாய்வழிக் கணக்குக்கு இடம் ஒதுக்குவது எளிது. 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கான மாநில அடைவு ஆய்வும் நடக்கிறது. புதிய தேர்வு எதுவும் வேண்டாம். அந்த ஆய்வுக்குள்ளேயே 10 கேள்விகள் கொண்ட மனக்கணக்குப் பகுதி ஒன்று போதும்.

அது ஆய்வின் பகுதியாகவே இருக்க வேண்டும். பிள்ளையின் மதிப்பெண் பட்டியலில் ஏறக் கூடாது, பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தவும் பயன்படக் கூடாது. 5, 8-ஆம் வகுப்புகளுக்கு அறிவித்த பொதுத் தேர்வைப் பெற்றோரின் கடும் எதிர்ப்பால் 2020 பிப்ரவரியில் அரசு கைவிட வேண்டியிருந்தது. அந்த அச்சம் இன்னும் மறையவில்லை. மனக்கணக்கின் பெயரால் சின்னப் பிள்ளைகளுக்கு இன்னொரு பரீட்சை என்ற பேச்சு கிளம்பினால் முயற்சி முளையிலேயே கருகும்.

கேள்விகள் தெளிவான, நிதானமான தமிழில் முன்கூட்டியே பதிவு செய்யப்பட வேண்டும். ஆசிரியருக்கு ஆசிரியர் வாசிக்கும் வேகமும் அழுத்தமும் மாறும் என்பதால் நேரடி வாசிப்பு நியாயமான அளவீடாகாது. ஒவ்வொரு கேள்வியும் இரண்டு முறை ஒலிக்கட்டும். பிறகு 20 விநாடியாவது அமைதி வேண்டும். மணியோசை, திரையில் குறையும் எண்கள் எதுவும் வேண்டாம். கேட்டல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு அதே கேள்வி அட்டையில் காட்டப்பட வேண்டும். திருப்பூர், சென்னை போன்ற இடங்களில் படிக்கும் புலம்பெயர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தி, ஒடியா, வங்காளப் பதிவுகள் தேவைப்படும். மொழி புரியாததால் வந்த தவறு கணக்குத் தவறாகப் பதிவாகக் கூடாது.

கேள்விகளில் பாதி வெறும் எண்களாகவும் மறுபாதி கடை, பேருந்து, எடை, நேரம் சார்ந்தவையாகவும் அமையட்டும். இரண்டும் ஒரே அளவு கடினமானவையாக இருப்பது முக்கியம். ஒரு கேள்வி 500-இலிருந்து 198 என்றால், இன்னொன்று 600 ரூபாய் கொடுத்து 297 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்பது. முதலாவதில் தவறி இரண்டாவதில் தேறும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தெரிந்துவிட்டால், அந்தப் பள்ளிக்கு எந்த உதவி தேவை என்பதும் தெரிந்துவிடும். ஒன்றிரண்டு கேள்விகள் மதிப்பீடு பற்றியவையாக இருக்கலாம்: 49 பெருக்கல் 21 ஏறக்குறைய 100-ஆ, 1,000-ஆ, 10,000-ஆ?

எப்படிப் போட்டாய் என்று கேட்பதுதான் இதில் விலைமதிப்புள்ள பகுதி. எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்க ஆள் போதாது. ஆய்வுக்குத் தேர்வான ஒவ்வொரு பள்ளியிலும் ஐந்து பிள்ளைகளை ஆசிரியர் பயிற்றுநர் தனியாக உட்காரவைத்து, இரண்டு கேள்விகள் கேட்டு, அவர்கள் சொன்ன வழியைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளலாம். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். ஓ.எம்.ஆர். தாள்களின் மலைக்குவியல் சொல்லாததை இந்தக் குறிப்புகள் சொல்லும்.

முதல் ஆய்வுக்கு ஓராண்டு முன்பே வகுப்பறை தயாராக வேண்டும். நாள்தோறும் கணக்குப் பாடத்தின் முதல் பத்து நிமிடம் நோட்டைத் திறக்காமல் நடக்கட்டும். ஒரு கணக்கு, பல வழிகள், யார் வழி சுருக்கம் என்ற பேச்சு. தவறான விடை சொன்ன பிள்ளையும் தன் வழியைச் சொல்ல வேண்டும்; எங்கே வழுக்கியது என்று அப்போதுதான் ஆசிரியருக்கே தெரியும். இதற்குத் தனிப் பாடநூல் தேவையில்லை. ஆனால், பிள்ளை சொல்லும் விநோதமான வழியைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். குறுவள மையக் கூட்டங்களில் அதற்கென்று அமர்வுகள் ஒதுக்கி, உண்மையான வகுப்புகளின் காணொலிகளைப் போட்டுப் பார்த்து விவாதிக்கலாம்.

ஆய்வு முடிந்ததும் சதவீதங்களை மட்டும் வெளியிட்டால் வகுப்பறைக்கு ஒன்றும் வந்து சேராது. கேள்விகளின் ஒலிப்பதிவு, ஒவ்வொரு கேள்விக்கும் பிள்ளைகள் அதிகம் சொன்ன தவறான விடைகள், அந்தத் தவறு எப்படி வந்திருக்கும் என்ற குறிப்பு, பிள்ளைகள் சொன்ன வழிகளின் தொகுப்பு ஆகிய நான்கையும் பெயர்கள் நீக்கிச் சிறு கையேடாக அச்சிட்டு, ஜூனில் பள்ளி திறக்கும்போதே கணக்கு ஆசிரியர்களின் கையில் கொடுத்துவிட வேண்டும்.